ஆகு, ஆகும்

ஜூன் 6, வெள்ளி

வெயில். திருப்பதியில் ரோட்டுத் தார் இளகிச் செருப்பில் ஒட்டியது. மதியம் ஆபீஸில் கரண்ட் இல்லை. நான்காம் வகுப்புப் பாடங்கள், தெலுங்கிலிருந்து தமிழுக்கு. இரண்டு முடிந்தது. மூன்றாவது பாதியில். விசிறிக்கொள்ள மூன்றாவது பாடமே உதவியது.

சாயங்காலம் பாஷா அண்ணனின் கேம் கடை. ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடி. ஏசி சத்தம் போடுகிறது, குளிரவில்லை. டிவியில் கால்பந்து, சந்துவும் நானும் ஒரே அணி, ஆளுக்கு ஒரு கன்ட்ரோலர்.

(பின்னால் படிக்கப்போகும் எனக்காக: சந்து என்பது சந்திரசேகர். சித்தூர்க்காரன், வீட்டில் தெலுங்கு. எங்கள் ஆபீஸில் ஒலிப்பதிவு வெட்டுகிறவன். டீச்சர்கள் பாடம் பேசும்போது விழும் இருமல், மூச்சு, 'ஆ', 'ம்' எல்லாவற்றையும் வெட்டி எறிவது அவன் வேலை. இனி ச.)

பந்தை விடாமல் வைத்திருப்பது என் கட்சி. பாஸ், பாஸ், வழி இல்லையா, பின்னால் பாஸ். எதிராளிக்குப் பொறுமை போகும். ஒரு டிஃபென்டரை இடத்தைவிட்டு அனுப்புவான். அவன் விட்டுவந்த இடம்தான் கோல். நாம் போடுவதில்லை. அவர்கள் திறந்துவிடுகிறார்கள்.

பாஷா அண்ணனுக்கு இது பிடிக்காது. "பாப்பா, பந்தைக் கல்யாணம் கட்டிக்கப் போறியா? எப்பதான் கோல் போடுவே? பார்த்துக்கினு கீறவனுக்குத் தூக்கம் வருது."

எங்களுக்குள் இரண்டு சொல் போதும். இரண்டும் தெலுங்கு. ஆகு: நில், இரு, இப்போது ஓடாதே. கொட்டு: அடி.

கடைசி நிமிடத்தில் ஒரு நல்ல கோல். வலது ஓரத்தில் பந்து என்னிடம். ச.வின் ஸ்ட்ரைக்கர் பாக்ஸுக்குள் துடிக்கிறான். ச. ஏதோ கேட்டான். "ஆகு" என்றேன். நின்றான். டிஃபென்டர்கள் எல்லோரும் கோல் வாயை நோக்கி ஓட, நின்றவன் மட்டும் தனியாக. பின்னோக்கி ஒரு சின்ன பாஸ். உள்ளே.

சாதாரண ஆட்டம்தான். அந்த கோலுக்கு ச. கடையில் இருந்த எல்லோருக்கும் கோலி சோடா வாங்கிக் கொடுத்தான். பாஷா அண்ணனுக்கு இரண்டு.


ஜூன் 7, சனி

காற்று, புழுதி, மழை இல்லை. துணி துவைத்தேன். தலையணை உறை காணோம்.

நேற்று எழுதாமல் விட்டது. 'ஏதோ கேட்டான்' என்று எழுதியிருக்கிறேன். என்ன கேட்டான் என்று எனக்குத் தெரியும்.

திரையைவிட்டுக் கண் எடுக்காமல், தமிழில்: "கேப்டன், நம்ம ரெண்டு பேருக்கும் ஆகுமா?"

முக்கியமானது எதையும் ச. தெலுங்கில்தான் பேசுவான். இதைத் தமிழில் கேட்டான். யோசித்து, சேர்த்துவைத்து, என் பாஷையில். எங்கள் வீட்டில் இரண்டு பேர் ஒத்துப்போவார்களா என்று கேட்பதற்கு இதே சொல்தான். எங்கே பிடித்தானோ.

அவன் என் பாஷையில் கேட்டதால் நான் அவன் பாஷையில் சொன்னேன். ஆகு. காத்திரு. ஸ்ட்ரைக்கருக்கும் அதே, அவனுக்கும் அதே. ஒரே பாஸில் இரண்டு ஆள்.

தலையாட்டினான். நான் சொன்னது மரியாதையான பதில்தான். இல்லை என்றும் சொல்லவில்லை. நிம்மதி.

நிம்மதியா? மாடிக்கும் அறைக்கும் நடந்துகொண்டே இருக்கிறேன். மூன்று தடவை டீ.

எழுதிவைக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தவை:

– வேகமாக ஓடவைக்கும் ஸ்பிரிண்ட் பொத்தானிலிருந்து விரலை எடு. ஓடுகிறவனுக்குப் பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று தெரியாது.
– பாஸ் வருவதற்கு முன்பே அடுத்த பாஸ் யாருக்கு என்று பார்.
– மூன்று பேர், முக்கோணம். ஒருவனை அடைத்தால் இன்னொருவன்.
– பின்னால் கொடுப்பது தோல்வி இல்லை.
– ஓரத்தில் போய், கோல் கோட்டுப் பக்கம் இறங்கி, பின்னோக்கி இழு. எல்லோரும் பந்தோடு ஓடுவார்கள். தாமதமாக வருகிறவனைப் பார்க்கமாட்டார்கள்.
– இரண்டு டிஃபென்டர்களுக்கு நடுவே உள்ள சந்து.

கடைசி வரியை ச.விடம் படித்துக் காட்டக் கூடாது. ஏற்கெனவே "சந்துல போடு" என்று நான் கத்தினால் கடையே சிரிக்கிறது. தன் பெயருக்குத் தமிழில் இப்படி ஓர் அர்த்தம் இருப்பதை அவன் வீட்டில் யாருக்கும் இன்னும் சொல்லவில்லையாம்.


ஜூன் 9, திங்கள்

புழுக்கம்.

ச. ஞாயிற்றுக்கிழமை சித்தூர் போய் வந்தான். வந்ததும் என் மேஜையில் ஒரு எவர்சில்வர் டப்பா. அதிரசம். அவர்கள் வீட்டில் அரிசெலு. இன்னும் லேசாகச் சூடு இருப்பதுபோல் தோன்றியது. இருக்க முடியாது.

"அம்மா குடுத்தாங்க. உனக்கு."

"எனக்கா? எதுக்கு?"

"செப்பிட்டேன், கோமதி."

"என்ன செப்பினே?"

"நமக்கு ஆகும்னு. நீதானே சொன்னே? ஆகும்னு." குரல் இறங்கியது. "வர்ற ஞாயித்துக்கிழமை சித்தூர்ல நம்ம கேம் டோர்னமென்ட் இருக்குல்ல. மதியம் சாப்பாடு எங்க வீட்ல. அம்மா உன்னைப் பார்க்கணுமாம்."

அதிரசம் கையில். வாயில் வைக்கவும் முடியவில்லை, கீழே வைக்கவும் முடியவில்லை.

நான் கேட்ட கேள்வி: "ஆட்டம் எத்தனை மணிக்கு?"

பின்னால் பாஸ்.

மதியம் முழுவதும் அந்தச் சொல்லை வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். தமிழ் பேசும்போது கடைசி 'ம்'முக்கு யாரும் உதட்டை மூடுவதில்லை. மூக்கோடு போய்விடுகிறது. ஆகும். ஆகு. ஏசி சத்தத்தில், பத்துப் பேர் கத்தும் கடையில், என்ன வித்தியாசம்? அவன் தமிழில் கேட்டுவிட்டுத் தமிழுக்காகக் காத்திருந்தான். நான் தெலுங்கில் சொன்னேன். மற்றவருக்கு வசதியாக இருக்கட்டும் என்று இருவரும் அவரவர் பக்கத்தைவிட்டு வந்துவிட்டோம். நடுவில் யாரும் இல்லை.

'ம்' வெட்டுவதே வேலையாக இருக்கிறவன். இல்லாத ஒரு 'ம்'மைக் கேட்டிருக்கிறான்.

போன வருஷம் ஒரு நாள், வெட்டிய 'ம்'களை எல்லாம் ஒன்றாக ஒட்டிவைத்திருப்பதாகச் சொல்லி என் காதில் ஹெட்போனை மாட்டினான். பெண் குரல், ஆண் குரல், ஜலதோஷக் குரல். ம், ம், ம்ம். மாட்டுக்கொட்டகைக்குள் நுழைந்ததுபோல. சிரித்துச் சிரித்து எனக்கு விக்கல். "எறிய மனசு வரல," என்றான்.

அதிரசம் இரண்டு தின்றேன். நன்றாக இருந்தது. அதுவும் ஒரு பதிலாகிவிடுமோ என்று பயம்.


ஜூன் 11, புதன்

சாலைப் பாதுகாப்புப் பாடம். திருத்துகிற மேடம் என் பிரதியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். தெலுங்கு மூலத்தில், சிவப்பு விளக்குப் படத்துக்குக் கீழே 'ஆகுமு' என்று இருக்கிறது. நில் என்று அர்த்தம். புத்தகத் தெலுங்கு. நான் தமிழில் என்ன அடித்திருக்கிறேன்: 'சிவப்பு விளக்கு எரிந்தால் ஆகும்.'

"கோமதி, செவப்பு எரிஞ்சா இன்னாம்மா ஆகும்?"

பக்கத்து மேஜைகளில் சிரிப்பு. ச. ஹெட்போன் மாட்டியிருந்தான். கேட்கவில்லை.

'நில்' என்று மாற்றினேன். இரண்டு எழுத்து. தமிழில் இது எவ்வளவு சுத்தமான சொல். அன்றைக்கு இதைச் சொல்லியிருக்கலாம்.

சாயங்காலம் அம்மா போன். நகரியில் மழையாம், இங்கே ஒரு சொட்டு இல்லை.

"இன்னா பண்ணிக்கினு கீற? துன்னியா?"

"துன்னேம்மா."

"நைனா கேட்டுக்கினே கீறாரு. சத்தியவேட்லருந்து ஒருத்தர் வந்து உன்னப் பத்தி விசாரிச்சிட்டுப் போனாரு. இன்னா சொல்லட்டும்?"

"பார்க்கலாம்மா."

"ரெண்டு வருசமா இதத்தான் சொல்லிக்கினு கீற. பார்க்கலாம், பார்க்கலாம்னு. வேணாம்னா வேணாம்னு சொல்லு. எவன்னா மனசுல கீறான்னா அதச் சொல்லு. நீ வாயத் தொறக்காம இருந்தா ஊர்ல கீறவன் உன் பதிலச் சொல்லிட்டுப் போவான்."

"அம்மா, ஒண்ணு கேக்கட்டா? தெலுங்குக்காரங்க வூட்ல..."

"ம்?"

"ஒண்ணுமில்ல. அதிரசம் எப்படிப் பண்றாங்கன்னு கேக்க வந்தேன்."

போனில் அடுப்பை அணைக்கும் சத்தம் கேட்டது. பிறகு அம்மா, "வெல்லந்தான். வேற இன்னா," என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். அம்மாவுக்குப் புரிந்துவிட்டதா? எங்கள் வீட்டில் எல்லோருக்கும் என்னைவிடக் காது நன்றாக இருக்கிறது.


ஜூன் 12, வியாழன்

பயிற்சி ஆட்டம். படு மோசம்.

எவ்வளவு நேரம் பந்தை வைத்திருந்தோம் என்று ஆட்டம் முடிந்ததும் திரையில் வரும். நாங்கள் எழுபத்தொரு சதவீதம். கோலுக்கு அடித்தது: பூஜ்யம்.

சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். மாடிப்படியில் சொல்லலாம் என்று நினைத்தேன், யாரோ இறங்கி வந்தார்கள். இடைவேளையில் சொல்லலாம் என்று நினைத்தேன், ச. சுண்டல் வாங்கி வந்தான். பொட்டலத்தில் இருந்த மாங்காய்த் துண்டுகளை எல்லாம் பொறுக்கி என் பக்கம் தள்ளிவைத்தான். இதை எப்போதும் செய்வான். இன்று பார்த்தேன்.

சொல்லவில்லை.

பாஷா அண்ணன்: "இன்னா பாப்பா, கோல் கிட்டக்க போயி போயி திரும்பி வர்றே? உள்ள எவன்னா கடிக்கிறானா?"

பயப்படுவது எதற்கு? எழுதிப் பார்க்கிறேன். நைனா. அம்மா. ஊர். பாஷை. அவன் அம்மா. எல்லாமே உண்மை, எல்லாமே சாக்கு. பந்து காலில் இருக்கும்வரை எதையும் இழக்கவில்லை. அடித்தால் பந்து போய்விடும், கோலானாலும் ஆகாவிட்டாலும். கோல் போட்டவனிடமும் பந்து இருப்பதில்லை. நடு மைதானத்திலிருந்து எதிராளிதான் மறுபடி தொடங்குகிறான்.

இதை ஒரு கட்டுரையாக எழுதினால் எம்.ஏ.வில் நல்ல மதிப்பெண் வந்திருக்கும். ச.வுக்கு இதனால் ஒரு பயனும் இல்லை.


ஜூன் 14, சனி

மழை, கடைசியில். பத்து நிமிடம். மண் வாசனைகூட முழுதாக எழவில்லை.

நாளைக்கு நீலச் சுடிதார். வேண்டாம், மஞ்சள். வேண்டாம். மேட்ச் ஆடத்தானே போகிறேன்.

நீலம் அயர்ன் பண்ணியாகிவிட்டது.


ஜூன் 15, ஞாயிறு

காலையில் பாகாலா வழி சித்தூர் பஸ். காணிப்பாக்கம் போகிற குடும்பங்கள், மொட்டையடித்த குழந்தைகள், தேங்காய்ப் பை. ச. ஜன்னல் ஓரத்தை எனக்கு விட்டான். மடியில் கன்ட்ரோலர் பை. பழகாத கன்ட்ரோலரில் அவனுக்குக் கை வராது.

ஒரு ரயில்வே கேட்டில் பஸ் நின்றது. கேட் பக்கத்தில் பழைய பலகை, மஞ்சளில் கறுப்பு எழுத்து, தெலுங்கில்: ஆகுமு. இந்த வழியில் எத்தனையோ தடவை போயிருக்கிறேன். இன்றைக்கு என் ஜன்னலுக்கு நேரே வந்து நின்றது.

"சந்து, அன்னிக்கு நான் சொன்னது தெலுங்கு."

"எப்ப?"

"நீ கேட்டப்ப. ஆகும்னு சொல்லல. ஆகுன்னு சொன்னேன்." பலகையைக் காட்டினேன். "அது."

அவன் பலகையைப் பார்த்தான். புதிதாக எழுத்துக் கற்றுக்கொள்கிறவன்போல, ஒவ்வொன்றாக.

"நான் தமிழ்லதானே கேட்டேன்?"

"நான் தெலுங்குல சொன்னேன்."

"ஏன்?"

"உனக்கு நல்லாப் புரியட்டும்னு."

முன் சீட்டு அம்மாள் திரும்பிப் பார்த்தார். வேர்க்கடலை விற்பவர் எங்கள் சீட்டில் ஒரு பொட்டலத்தை வைத்து, பதில் வராததால் எடுத்துக்கொண்டு போனார். கூட்ஸ் வண்டி வந்தது. நிலக்கரிப் பெட்டிகள், முடிவே இல்லாமல். எண்ணிக்கொண்டிருக்க ஏதோ இருந்தது. நல்லது.

வண்டி போன பிறகு ச., "அம்மா பாயசத்துக்கு சேமியா வாங்கிட்டாங்க," என்றான்.

கோபம் இல்லை. கோபமாக இருந்தால் தாங்கியிருப்பேன். போன் எடுத்து வீட்டில் பேசினான். முகத்தை நடைபாதைப் பக்கம் திருப்பிக்கொண்டு, மெதுவாக: "ஃப்ரெண்ட்மா. ஃப்ரெண்ட் அந்தே. ஏமி அடககு." சாதாரண ஃப்ரெண்ட், எதுவும் கேட்காதே.

வைத்துவிட்டு என்னிடம்: "சரி. ஆகுறேன்."

தெலுங்குச் சொல், தமிழ் வால். காத்திருக்கிறேன் என்று சொல்கிறான். தமிழில் கேட்டால் அப்படி இல்லை. அவன் வேறு ஏதோவாக மாறிக்கொண்டிருக்கிறான் என்று கேட்கிறது. திருத்த வேண்டியது என் தொழில். திருத்தவில்லை.

டோர்னமென்ட் ஒரு செல்போன் கடை மாடியில். பிளாஸ்டிக் நாற்காலிகள், இரண்டு டிவி, வாசலில் செருப்புக் குவியல். பெண் நான் ஒருத்தி. "அக்கா யாருக்குத் துணைக்கு வந்திருக்காங்க?" என்று ஒருவன் கேட்டான். "நான் அக்காவுக்குத் துணைக்கு வந்திருக்கேன்," என்றான் ச.

முதல் ஆட்டம். கன்ட்ரோலரைப் பிடித்ததும் தெரிந்தது, வாயைத் திறக்க முடியாது. இருக்கிற இரண்டு சொல்லில் ஒன்றை இனிமேல் எப்படிச் சொல்வது? அவனும் பேசவில்லை. சத்தமே இல்லாமல் ஆடினோம். பாஸ், பாஸ், பின்னால். இடது ஓரம் அடைப்பு. திரும்ப வலது. பாதி ஆட்டம் போயிற்று. எதிர் டிஃபென்டர் ஒருவனுக்குப் பொறுமை போனது, வெளியே வந்தான். அவன் விட்ட இடத்தில் நுழைந்து கோட்டுப் பக்கம் இறங்கினேன். எல்லோரும் பந்தோடு ஓடினார்கள். ச.வின் ஆள் எங்கே என்று பார்த்தேன்.

நின்றுகொண்டிருந்தான். பாக்ஸ் விளிம்பில், தனியாக. ஓடவில்லை. நான் சொல்லாமலே.

பின்னோக்கி ஒரு பாஸ். கோல்.

யாரோ விசிலடித்தார்கள். நான் திரையைப் பார்க்கவில்லை. அவன் கட்டை விரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஸ்பிரிண்ட் பொத்தானுக்கு மேல் தொடாமல் நிறுத்திவைத்த விரல். எவ்வளவு நாளாக அப்படி வைத்திருக்கிறான்? நான் ஒவ்வொரு தடவையும் ஆகு ஆகு என்று கத்தியிருக்கிறேன். அவன் எப்போதும் நின்றுகொண்டுதான் இருந்திருக்கிறான்.

இரண்டாவது ஆட்டம் தோல்வி. இன்டர், அதாவது பிளஸ் டூ, படிக்கிற இரண்டு பையன்கள். நடு மைதானத்திலிருந்தே அடிக்கிறார்கள். ஒன்று கம்பத்தில், ஒன்று கூட்டத்தில், ஒன்று எப்படியோ உள்ளே. நாங்கள் கடைசிவரை பந்தை வைத்திருந்தோம். அதில் ஒருவன் கை குலுக்கும்போது: "ஆட்டம் பூரா பந்து உங்ககிட்டதான் இருந்துச்சி, அக்கா. அப்படியே வூட்டுக்கு எடுத்துக்கினு போங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. ச.வும் சிரித்தான். காலையிலிருந்து முதல் தடவை.

வெளியே உச்சி வெயில். அவன் வீடு நடக்கிற தூரம். "வர்றியா, இல்ல பஸ் ஸ்டாண்டா?" என்று தெலுங்கில் கேட்டான். எது சொன்னாலும் சரி என்ற குரல். "சாப்பாடு," என்றேன். பிரதான ரோட்டிலிருந்து ஒரு சந்து. இரண்டு பக்கமும் மோட்டார் பைக்குகள், நடுவில் ஓர் ஆள்தான் போகலாம். அவன் முன்னால், நான் பின்னால். ஏதோ ஒரு வீட்டில் நெய்யில் முந்திரி வறுக்கும் வாசனை. அவர்கள் வீடாக இருக்கலாம்.

அவன் சட்டை முதுகு முழுக்க ஈரம். கன்ட்ரோலர் பை ஒரு தோளில் இடித்துக்கொண்டே போயிற்று. இன்னும் கொஞ்ச தூரத்தில் வாசல். உள்ளே போய்விட்டால் நான் ஃப்ரெண்ட். பாயசம் குடித்துவிட்டு சாயங்கால பஸ். பார்க்கலாம், பார்க்கலாம். நாளைக்கு மறுபடி ஹெட்போன், பாடம், பாஸ். அவன் நிற்பான். விரலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றுகொண்டே இருப்பான், அதுதான் பயம்.

"ஆகும்," என்றேன்.

நின்றான். திரும்பிப் பார்க்கவில்லை. என் செருப்பில் கல் மாட்டியிருக்கும் என்று நினைத்திருப்பான். பையை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டு, ஒரு பைக்கின் ஓரமாக ஒதுங்கி, எனக்கு நிழலை விட்டு, நின்றான்.

"நிக்கச் சொல்லலடா," என்றேன். "கடைசியில ஒரு 'ம்' இருந்துச்சி."